கடுகண்ணாவையில் போட்ட பெட்டிசம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில சொன்னதைக் கேட்டதில இருந்து எனக்குச் சோறு இறங்கேல்லை. மருமகளை அங்க அந்த ஏஜென்சிக்காரர் இன்னொரு ஊர் ஆஸ்பத்திரிக்கு மூண்டு மாச நேர்ஸ் வேலைக்குக் கேக்கினம், அவவும் சந்தோஷமாய் வெளிக்கிட்டு நிக்கிறா, உனக்குத்தான் போதும் போதும் எண்டு போச்சு எண்டாய். அதுவரைக்கும் சரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா, அவவுக்குத் தெரியாமல் அவவின்ர பேரில நானே 'வர ஏலாது' எண்டு எழுதிப் போடப்போறன், பிறகு அவையள் வேற ஆளைப் பார்ப்பினம்" எண்டு சொல்லிச் சிரிச்சாய். நானும் "ம்" எண்டு மட்டும் சொன்னன். உன்ர கொம்மா பக்கத்தில காதைத் தீட்டிக்கொண்டு நிண்டவ. அதாலதான் கண்டியில இந்த வாடகை வீட்டு மேசையில, மழைக்குக் கதவைச் சாத்திப்போட்டு, உனக்கு எழுதிறன். நீ அந்தக் கடிதத்தை எழுதாதை. பகிடிக்குக்கூட எழுதாதை. நான் ஒருக்கால் அப்பிடி ஒண்டு எழுதினவன்.

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போடுறன். உனக்குப் பொறாமை. "இல்லையப்பா, பிள்ளை ஊர் ஊராய் அலையுது, அதுக்குத்தான்" எண்டு என்னட்டைச் சொல்லாதை. நானும் பிள்ளையின்ர பேரைத்தான் சொன்னனான். அந்தப் பிள்ளை நீ. மனிசி காலமை சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு வெளிக்கிடேக்க, நீ பிள்ளையின்ர மூக்கைத் துடைச்சுக்கொண்டு வாசல்ல நிக்கேக்க, வயித்துக்குள்ள ஒரு எரிவு எழும்பும் பார், அதுக்கு மருந்து இல்லை. அது எனக்கு எழும்பினபோது உனக்கு ரெண்டு வயசு.

எண்பத்துமூண்டு ஆடிக் கலவரத்துக்கு முந்தின வருஷம் கொம்மாவை ரிலீஃப் நேர்ஸ் எண்டு கண்டிப் பக்கம் அனுப்பினவை. ஆள் காணாத ஆஸ்பத்திரிக்கு ஆறு மாசம், மூண்டு மாசம் எண்டு போய் நிண்டு வேலை செய்யோணும். நிரந்தரமில்லை, முடிஞ்சால் திரும்ப யாழ்ப்பாணம் வரலாம். என்ர அம்மா செத்து அப்பதான் வருஷத் திவசம் முடிஞ்சது, உன்னைப் பார்க்க வேற ஆக்கள் இல்லை. நான் கச்சேரியில கிளாக்கர், அரசாங்க உத்தியோகம். சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு உன்னையும் தூக்கிக்கொண்டு பின்னால போனன். ஊரில எல்லாரும் என்னைப் புழுகினவை, "பார், எவ்வளவு நல்ல மனிசன்" எண்டு. அந்தப் புழுகு, ரெயில் கண்டிக்கு முந்தின கடுகண்ணாவை ஏத்தம் ஏறுறதுக்கிடையில முடிஞ்சுபோச்சு. கண்டியில ஆருக்கும் என்னைத் தெரியாது. மேட்டில பெரிய வீடொண்டோட ஒட்டின ஒரு அனெக்ஸ், அறுபத்தாறு படி. மண்ணெண்ணெய்க் குக்கரில பிட்டு அவிக்கிறன், உனக்குக் கால் கழுவி விடுறன், உன்ர துணியைத் தோய்ச்சுப் போட்டால் மூண்டு நாளாகியும் காயாது. கீழ கடைக்குப் போனால் கடைக்காரர் என்ர பேரைக் கேக்கேல்லை. "மிஸ்ஸியோட மாத்தயாவா?" எண்டுதான் கேட்டவர், நேர்ஸ் அம்மாவின்ர புருஷனோ எண்டு. மிஸ்ஸிக்கெண்டு நல்ல தக்காளியாய்ப் பொறுக்கித் தருவார். ஊரில நாலு பேர் "கிளாக்கர் ஐயா, ஒரு பெட்டிசம் எழுதித் தாங்கோ" எண்டு படலையில காத்துக்கொண்டு நிப்பினம். மேலிடத்துக்கு முறைப்பாடு, விண்ணப்பம் எண்டு இங்கிலீசில பெட்டிசம் எழுதிறதில என்னை வெல்ல ஆள் இல்லை. ஒரு வசனத்தில ஆளைத் தூக்கவும் தெரியும், விழுத்தவும் தெரியும். அப்பிடிப்பட்ட நான் கண்டியில மிஸ்ஸியின்ர தக்காளியைச் சுமந்துகொண்டு படி ஏறினன்.

கொம்மாவோ, நாளுக்கு நாள் வடிவானா. பொய் சொல்லேல்லை. களைச்சு வருவா, ஆனால் முகத்தில ஒரு வெளிச்சம். மூண்டு மாசத்தில சிங்களம் பொரிஞ்சு தள்ளினா. ஆரோ ஒரு நோயாளி கண் முழிச்சதாம், ஆரோ ஒரு தாய் அவவின்ர கையைப் பிடிச்சு அழுதவவாம். நான் கேட்டுக்கொண்டே சட்டியைத் தேய்ப்பன். "இண்டைக்குத் தம்பி நாலு சொல்லுச் சொன்னவன்" எண்டு நான் சொன்னால், "அப்பிடியோ, என்ர ராசா" எண்டு உன்னைத் தூக்கிக் கொஞ்சுவா. நீயும் பகல் முழுக்க உன்னைச் சுமந்தவனை மறந்துபோட்டு அவவின்ர கழுத்தில தொங்குவாய். எனக்கு அதிலயும் எரிச்சல். உன்னோடயும் பொறாமை, அவவோடயும் பொறாமை.

அதுக்கு மேல முத்தையா. அவர் அந்த வாட்டில அட்டென்டன். நோயாளியைத் தூக்கிறது, கட்டில் தள்ளுறது, ஒட்சிசன் சிலிண்டர் உருட்டுறது அவற்ற வேலை. கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில பிறந்தவர். என்னிலும் பத்து வயசு மூப்பு, கட்டை ஆள். பின்னேர டியூட்டி முடிஞ்சு ஏழு மணிக்குக் கொம்மாவைப் படியடி மட்டும் கூட்டிக்கொண்டு வந்து விடுறது அவர்தான். அப்ப கலவரம் ஒண்டு வந்து போன சூடு ஆறேல்லை, அடுத்தது எப்ப எண்டு எல்லாரும் காதைக் குடுத்துக்கொண்டு இருந்த காலம். தமிழ்ப் பெண் தனிய நடக்க ஏலாது. நான் போகலாமெண்டால் நீ நித்திரை. அதாலதான் வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர், நல்ல சிங்களப் பொம்பிளை, "முத்தையா, நீ மிஸ்ஸியைக் கொண்டுபோய் விட்டுட்டு வா" எண்டு கட்டளை போட்டவ. இந்தச் சிஸ்டரின்ர கட்டளையை மறந்துபோடாதை.

நான் யன்னல்ல நிண்டு பார்ப்பன். அவர் குடையைக் கொம்மாவுக்குப் பிடிச்சுக்கொண்டு தான் நனைஞ்சு வருவார். ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு வருவினம். கீழ் வளைவில கொம்மா சிரிக்கிறது கேக்கும். கலியாணம் முடிச்சு நாலு வருஷத்தில நான் கேக்காத சிரிப்பு. "என்ன அப்பிடிச் சிரிப்பு?" எண்டு ஒருநாள் கேட்டன். வாட்டில ஒரு கிழவர் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழ ஒளிச்சாராம், முத்தையா தானும் கீழ புகுந்து, "ஐயா, எனக்கும் பயமாத்தாங்க இருக்கு, கொஞ்சம் நகந்து இடங்குடுங்க" எண்டாராம். அவ திரும்பச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரேல்லை. முத்தையா படியடியில நிண்டு, "மிஸ்ஸிய கொண்டாந்து விட்டாச்சுங்க ஐயா. பாப்பா தூங்கிருச்சா?" எண்டு மேல பார்த்துக் கேப்பார். நித்திரையில்லையெண்டால் நீ "மாமா" எண்டு கத்திக்கொண்டு படியில இறங்கப் பார்ப்பாய். என்ர மனதுக்குள்ள அப்ப என்ன சொல்லு வந்தது தெரியுமோ? "தோட்டக்காட்டான்." நாங்கள் யாழ்ப்பாணத்தார் மலையகத்து ஆக்களைச் சொல்லுற அந்த நாறின சொல்லு. வாயால சொல்லேல்லை, ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் நெஞ்சுக்குள்ள சொன்னன்.

ஒருநாள் கொம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து, "இஞ்சருங்கோ, சிஸ்டர் என்னை தியேட்டர் ட்ரெயினிங்குக்கு எழுதப்போறாவாம்" எண்டா. சத்திரசிகிச்சைப் பகுதியில வேலை பழகிறது. நேர்ஸ்மார் ஏங்கிற படிப்பு. "எவ்வளவு காலம்?" எண்டன். "ரெண்டு வருஷம், இஞ்சதான். நீங்களும் கண்டிக் கச்சேரிக்கு மாற்றம் எடுக்கலாம்தானே?" ரெண்டு வருஷம்! இன்னும் ரெண்டு வருஷம் மிஸ்ஸியின்ர மாத்தயா. இன்னும் ரெண்டு வருஷம் அந்தக் குடை. "வேண்டாம், ஊருக்குப் போவம்" எண்டு ஆம்பிளையாய் அவவின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சண்டை பிடிச்சிருக்கலாம். கோதாரி, அதுக்கும் எனக்குத் துணிவு வரேல்லை. நல்ல மனிசன் எண்ட பேரையும் விட மனமில்லை. "பார்ப்பம்" எண்டு சொல்லிப்போட்டு, அடுத்த நாள் அவ வேலைக்குப் போக, புல்ஸ்காப் தாளை எடுத்தன்.

இடக்கையால, பெரிய எழுத்தில, இங்கிலீசில எழுதினன். இன்ன வாட்டில முத்தையா எண்ட அட்டென்டன் கடமை நேரத்தில வெளியூர் நேர்ஸ் ஒருவரின் பின்னால் திரிகிறார், அந்தப் பெண்ணின் மரியாதையும் ஆஸ்பத்திரியின் பேரும் கெடுகுது, வெளி மாவட்ட நேர்ஸ்மாரைத் திருப்பி அனுப்பினால்தான் ஒழுங்கு வரும். அடியில "உண்மை விரும்பி". எங்கட ஆக்கள் போடுற மொட்டைப் பெட்டிசம் எல்லாத்திலயும் உள்ள அதே கையெழுத்து. கண்டியில போட்டால் தபால் கந்தோர் குத்திற முத்திரை காட்டிக்குடுக்குமெண்டு உன்னையும் தூக்கிக்கொண்டு ரெயில் ஏறிக் கடுகண்ணாவைக்குப் போனன். அங்க தபால் பெட்டியைக் கண்டதும் நீ "நான், நான்" எண்டு காலை உதைச்சாய். உனக்குக் கடிதம் போடுறதெண்டால் விளையாட்டு. தூக்கிப் பிடிச்சன். உன்ர கையாலதான் அது உள்ள விழுந்தது. நீ கை தட்டினாய். நானும் உனக்கு ஒரு பணிஸ் வாங்கித் தந்தன். இப்பிடி ஒரு தேப்பனை உனக்கு இப்பதான் தெரியும்.

ஒரு மாசத்துக்குள்ள முத்தையாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்த நேரம் பார்த்துச் சிஸ்டர் தாய்க்குச் சுகமில்லையெண்டு நீண்ட லீவில. கொம்மா அவரை நேர எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தா. "இவர் இங்கிலீசில நல்லாய் எழுதுவார், முத்தையா. நீர் யோசியாதையும்" எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி போடப் போயிட்டா. மனிசன் கதிரை நுனியில இருந்தார். "எனக்கு எழுத்து வராதுங்க ஐயா. எனக்கு விரோதின்னு யாருமே இல்லீங்க. யாரு எழுதினாங்கன்னும் தெரியல. சிஸ்டர் சொல்லித்தான் மிஸ்ஸியோட வந்தேன், அத மட்டும் எழுதிருங்க, போதும்" எண்டார். அவற்ற முகத்தை நான் பார்க்கேல்லை, தாளைத்தான் பார்த்தன். நீ அவற்ற மடியில ஏறி இருந்தாய்.

தம்பி, இஞ்சதான் கவனி. பெட்டிசம் போட்டதைப் புத்தி கெட்டுச் செய்தது எண்டு விடலாம். இதை நல்ல தெளிவோட செய்தன். அந்த ஒரு வசனத்தை, சிஸ்டர்தான் அனுப்பினவ எண்டதை, நான் எழுதேல்லை. அதை எழுதினால் விஷயம் அண்டைக்கே முடிஞ்சிடும். முடிஞ்சால் கொம்மா ரெண்டு வருஷம் கண்டியில நிப்பா. அதுக்குப் பதிலாய், தெரியாமல் ஏதும் பிழை விட்டிருந்தால் பொறுத்தருளவும், இனிமேல் நடவாது, நான் ஏழை எண்டு பணிவாய், அழகாய் எழுதினன். மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்டதெண்டுதான் கந்தோரில அர்த்தம். கச்சேரிக் கிளாக்கருக்கு அது தெரியாதோ? "எல்லாம் எழுதியாச்சோ?" எண்டு கொம்மா கேட்டா. "ஓம், எல்லாம் இருக்கு" எண்டன். முத்தையா தமிழில கையெழுத்து வச்சு, என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணில ஒத்திக்கொண்டு போனார். அப்பவும் எனக்கு இரக்கம் வரேல்லை. அவர் போன பிறகு கொம்மா "பாவம் அந்த மனிசன்" எண்டு கண்ணைத் துடைச்சா. அதுக்கும் எனக்கு வயித்தெரிச்சல்.

அவரைத் தெற்கில ஆரையும் தெரியாத ஒரு ஊருக்குத் தூக்கிப் போட்டினம். கொம்மாவை "உங்கட பேர் கெடக்கூடாது" எண்டு சொல்லித் திருப்பி அனுப்பினம். தியேட்டர் ட்ரெயினிங் போச்சு. ரெயிலில கடுகண்ணாவை தாண்டுற வரைக்கும் அவ பின்னால கண்டிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தா. நான் வெண்டவன் மாதிரி உனக்கு யன்னலால மலையைக் காட்டிக்கொண்டு வந்தன்.

மூண்டு மாசத்தில ஆடிக் கலவரம். கண்டியில தமிழரின்ர கடையள் எரிஞ்சது, நாங்கள் இருந்த அனெக்ஸையும் உடைச்சவை எண்டு பிறகு கேள்விப்பட்டம். அதில இருந்து கொம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. "அந்தப் பெட்டிசம் எழுதினவன் எவனோ, முத்தையாவுக்குப் பாவம் செய்தான், ஆனால் என்ர பிள்ளையைக் காப்பாத்தினவனும் அவன்தான்" எண்டு சொல்லுவா. ஒவ்வொரு ஆடியிலயும் பிள்ளையார் கோயிலில அர்ச்சனை. ஐயர் பேர், நட்சத்திரம் கேப்பார். "தெரியாது ஐயா, எங்களுக்கு நன்மை செய்த ஒரு ஆள்" எண்டுவா. பக்கத்தில நான் தேங்காயோட நிப்பன். சிரிப்பாய் இருக்கு என்ன? எனக்கொரு அர்ச்சனை செய்யாதவ, ஆரோ ஒருத்தனுக்குச் செய்யிறாவே எண்டு அந்த ஒருத்தனோடயும் எனக்குப் பொறாமை வந்தது. விசர் தம்பி, முழு விசர். ஆனால் அந்த அர்ச்சனையில நான் கனகாலம் ஒளிச்சுக்கொண்டு இருந்தன். என்ர பொறாமைதான் குடும்பத்தைக் காப்பாத்தினது எண்டு எனக்கு நானே தீர்ப்பு எழுதி வச்சிருந்தன்.

யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் ஓடினபோது நாங்களும் ஓடி, கடைசியில திரும்பக் கண்டிக்கே வந்து சேர்ந்தது உனக்குத் தெரியும். நாங்கள் இஞ்ச வர முதலே நீ வெளிநாடு போயிட்டாய். போன மாசம் கொம்மா பழைய ஆஸ்பத்திரிப் பக்கம் போய் ஒருத்தரைக் கண்டு, முத்தையா கம்பளையில மகளோட இருக்கிறார் எண்டு அறிஞ்சுகொண்டு வந்தா. பார்க்கவும் போனவ. எனக்கு வயித்து வலி எண்டு நான் படுத்திட்டன். பின்னேரம் திரும்பி வந்து செருப்பைக் கழட்டாமலே சொன்னா. அந்தக் கலவரத்தில, அந்தப் புது ஊரில, அவரை அடிச்சுப் போட்டவையாம். வலக்கை தோளுக்கு மேல எழும்பாதாம். கண்டி வாட்டில இருந்த தமிழ் ஆக்களையெல்லாம் லீவு முடிஞ்சு வந்த சிஸ்டர் நோயாளிக் கட்டிலில படுக்க வச்சுப் போர்த்தி மூடிக் காப்பாத்தினவவாம். முத்தையா அங்க நிண்டிருந்தால் அவருக்கும் ஒரு கட்டில் கிடைச்சிருக்கும். "உங்களைத்தான் கேட்டவர்" எண்டா கொம்மா. "'ஐயா எனக்காக எழுதிக் குடுத்த காயிதத்தோட நகல இன்னும் பெட்டிக்குள்ள வச்சிருக்கேங்க, அந்த மாதிரி யாரு எழுதுவா' எண்டு சொன்னவர். அடுத்த மாசம் நீங்களும் வாங்கோ." சொல்லேக்க அவவின்ர முகத்தில அந்தப் பழைய வெளிச்சம். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், இந்தக் கிழட்டு வயசிலயும், அந்த மனிசன்ர கை எழும்பாது எண்டு கேட்ட அதே நிமிஷத்திலயும், எனக்கு எரிஞ்சது.

அதாலதான் சொல்லுறன், பொறாமை போகும் எண்டு பார்த்துக்கொண்டு இராதை. அது போகாது. உன்னோடயே எனக்குப் பொறாமையாய்க் கிடக்கு. நீ அங்க பிள்ளைக்குச் சோறு தீத்திறதைக் கண்டு ஒருத்தரும் சிரிக்கேல்லையாம், மருமகள் "என்ர புருஷன் இல்லாட்டி நான் இல்லை" எண்டு எல்லாருக்கும் சொல்லுறாவாம், கொம்மா சொன்னவ. எனக்கு அப்பிடி ஒரு சொல்லுக் கிடைச்சிருந்தால் எண்டு நினைக்கிறன். பிறகு யோசிச்சால், கொம்மாவும் சொல்லியிருப்பா, எனக்குத்தான் கேக்கிற காது இருக்கேல்லை. உனக்கு எரிஞ்சால் எரியுது எண்டு அவவின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லு. கத்து. சட்டியைப் போட்டு உடை. ரெண்டு நாள் கதையாமல் இரு. ஆனால் அவவின்ர பேரில, அவவுக்குத் தெரியாமல், ஒரு எழுத்தும் எழுதாதை. அப்பிடி எழுதினால் அந்த மூண்டு மாசம் மட்டும் போகாது. அதுக்குப் பிறகு அவ உன்னைப் பார்த்து "நல்ல மனிசன்" எண்டு சொல்லுற ஒவ்வொரு தரமும் நீ கள்ளன் மாதிரி நிலத்தைப் பார்க்கோணும். நான் முப்பது வருஷமாய்ப் பார்க்கிறன்.

உன்னட்டை ஒண்டு கேக்கிறன். இதை நீ தனிய வாசிச்சு மடிச்சு வையாதை. மருமகளை இருத்தி, அவவுக்கு உரத்து வாசிச்சுக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை நீ என்னட்டைச் சொன்னதையும் சேர்த்து வாசி. அவ என்னைப் பற்றி என்னவும் நினைக்கட்டும்.

நான் அதைச் செய்யாமல் உன்னை மட்டும் செய் எண்டு சொன்னால் அது பேய்க்கதை. கொம்மா குசினிக்குள்ள சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டு நிக்கிறா, ஆருக்கு எழுதிறியள் எண்டு ரெண்டு தரம் கேட்டிட்டா. இந்தக் கடிதத்தை நான் ஒட்டேல்லை. இப்ப எழும்பிப் போய் அவவின்ர கையில குடுத்து, "முதல்ல நீர் வாசியும், வாசிச்சுப்போட்டு நீரே தபாலில போடும்" எண்டு சொல்லப்போறன். இது உனக்கு வந்து சேர்ந்தால், அவ எல்லாத்தையும் அறிஞ்சுதான் அனுப்பியிருக்கிறா. உடன ரெலிபோன் எடு. நான் எடுக்காட்டில் அவவைக் கேள், அப்பா எங்க எண்டு.

உன்ர அப்பா